ஒழுக்கமும் வழக்கும்: வாகரைக் கரையில் நின்று அறநூல்களைக் கற்றல்

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தினை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்துக் கூறுவர். தத்தம் நிலைக்கு விதிக்கப்பட்ட நெறியில் வழுவாது நிற்றல் ஒழுக்கம். ஒன்றனையே பலர் தமக்குரியதெனக் கொண்டு தம்முள் மாறுபட்டு நிற்பது வழக்கு. நெறி தவறியோரை ஆராய்ந்து ஒறுத்தல் தண்டம். இம்மூன்றனுள் வள்ளுவர் ஒழுக்கத்தையே எடுத்துக்கொண்டார் என்பது அவர் கருத்து. ஏனைய இரண்டனையும் விடுத்தமைக்கு அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று ஈண்டு நம் கருத்தை ஈர்க்கின்றது. வழக்கும் தண்டமும் நூலினால் மட்டுமன்றி, உணர்வின் மிகுதியினாலும் அவ்வந் நாட்டின் இயற்கையினாலும் அறியப்படுவன என்பதே அக்காரணம்.

அறநூல்களுள் எவற்றைக் கற்பது, எம்முறையிற் கற்பது என்று வினவும் மாணவர்க்கு இப்பகுப்பினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை. ஒழுக்கம் கூறும் நூல்கள் நம்மிடம் நிறைய உள. அவற்றை இளமையிலேயே மனனஞ் செய்கின்றோம். ஆயினும் வாழ்க்கையில் மனிதனை வருத்துவது விதியை அறியாமை அன்று. இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்போது எதனைக் கைக்கொள்வது என்னும் ஐயமே அவனை வருத்துவது. அவ்வையம் எழுமிடத்தில் ஒழுக்க நூல் தனித்துத் துணைசெய்ய மாட்டாது. வழக்கு நூலும் வேண்டும். பரிமேலழகர் நாட்டின் இயற்கைக்கு விட்டுவைத்த அந்தப் பகுதியை மட்டக்களப்பு நாடு தன் செவிவழிக் கல்வியாற் பேணிவந்தது என்பதும், அதனை ஏட்டுக் கல்வியோடு சேர்த்துப் பயிலுதலே இன்றைய மாணவர்க்குத் தக்கது என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

நாட்டின் இயற்கை என்றமையின், நாடு யாது என்பதைச் சிறிது கூறுவாம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பாதை, வாழைச்சேனையைக் கடந்தபின் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி எனக் கேணிப் பெயர் தாங்கிய ஊர்களின் வழியே செல்லும். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பாற்றுக் களப்பும் காடும். பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் வாகரை. அதற்கும் வடக்கே கதிரவெளி. அதனையுங் கடந்தால் மாவலியின் கிளையாகிய வெருகலாறும், அதன் கரையிற் சித்திரவேலாயுதர் கோயிலும். இன்று கோறளைப்பற்று வடக்கு என வழங்கும் இப்பகுதியில் மீன்பிடிப்போரும் கமக்காரரும் சேனை வெட்டுவோரும் வாழ்கின்றனர். தமிழே பேசும் கரையோர வேடர் வழியினரும் இக்கரையில் உளர். செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்ட வேடர் பற்றிய ஆராய்ச்சி நூலில் இம்மக்களைப் பற்றியும் எழுதியுள்ளனர். களப்பின் மீனும் காட்டின் தேனும் எவருக்கு உரியன என்ற வினா வேட்டுவரும் வலைஞரும் உழவரும் கூடி வாழும் நிலத்தில் நாள்தோறும் எழும். ‘ஒன்றனையே பலர் உரிமை கொண்டாடல்’ என்னும் வழக்கின் இலக்கணத்துக்கு இத்தகைய நிலமே எடுத்துக்காட்டாம்.

இனி, ஏட்டுக் கல்வியின் வரலாற்றை நோக்குவோம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் வீரமாமுனிவர் 1730 அளவில் இலத்தீனிற் பெயர்த்தார். 1812 இல் திருக்குறளும் நாலடியாரும் அச்சேறின. ஈழத்திலே ஆறுமுக நாவலர் (1822–1879) சிறுவர்க்கெனப் பாலபாடங்களை எழுதியதோடு, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நல்வழி முதலிய நீதிநூல்களை உரையோடு பதிப்பித்தார். 1861 இல் திருக்குறள் பரிமேலழகருரையை வெளியிட்டார். அவ்வாண்டிலேதான் இங்கிலாந்தில் ஜோன் ஸ்டூவர்ட் மில் என்னும் அறிஞர் ‘பயன்பாட்டு வாதம்’ என்னும் தம் கட்டுரைகளைச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். பெரும்பாலோரின் மிகுந்த இன்பமே நன்மையின் அளவுகோல் என்பது அவர் கொள்கை. சென்னையில் அச்சேறிய தமிழுரையும் இலண்டனில் அச்சேறிய ஆங்கிலக் கட்டுரையும் ஒன்றனையொன்று அறியா. ஆயினும் ஓராண்டிற் பிறந்த அவ்விரண்டும் பின்னாளில் ஈழத்து மாணவனின் மேசைமீது அருகருகே இடம்பெற்றன.

நாவலர் வழிவந்த கல்வி மரபு நம் பாடசாலைகளுக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. ஆயினும் அம்மரபில் நீதிநூல் பெரும்பாலும் விதிநூலாகவே கற்பிக்கப்பட்டது. கற்பன கற்று ஒப்புவித்தலோடு பாடம் முடிந்தது. பரிமேலழகரோ விதிகளை அடுக்குபவர் மட்டும் அல்லர். பெற்ற தாய் பசித்திருப்பக் கண்டும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யலாகாது என்னும் பொருள்படும் குறளுக்கு அவர் எழுதிய உரையை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்துங்கால் தீயன செய்தும் அவர்களைக் காக்கலாம் என்னும் பொதுவிதி அறநூல்களில் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை, எடுத்துக்காட்டுகின்றார். அவ்விதி அமைச்சர்க்குப் பொருந்தாது. ஆதலின் வள்ளுவர் இங்ஙனங் கூறினார் என்று முரணை விடுவிக்கின்றார். அதாவது, ஒரே செயலை அதிகாரம் உடையவன் செய்வதற்கும், கையில் ஒன்றுமற்றவன் தன் பிள்ளையின் பசிக்காகச் செய்வதற்கும் வேற்றுமை காண்கின்றார். விதியை ஒப்புவிக்கும் மாணவன் இவ்வேற்றுமையைக் காணான். உரையை வழக்காக எண்ணிப் படிப்பவனே காண்பான்.

வழக்கு என்னுஞ் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய நூலொன்று மட்டக்களப்பு நாட்டில் உண்டு. அதுவே கண்ணகி வழக்குரை. இளங்கோவடிகளின் காப்பியம் உ. வே. சாமிநாதையரால் 1892 இல் அச்சேறுவதற்கு முன்னரே, கண்ணகி வரலாறு இந்நாட்டுக் கோயில்களில் ஏட்டிலிருந்து பாடப்பட்டு வந்தது. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசித் திங்களிற் கண்ணகியம்மன் சடங்கு நிகழும். அந்நாள்களில் வழக்குரை பாடப்பெறும். எழுத்தறியாதாரும் சிறுவரும் முதியோரும் இரவெல்லாம் அமர்ந்து கேட்பர். ஏடுகளாய் இருந்த அந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்தார். இந்நாட்டின் வழக்காறுகளைத் தொகுத்துரைக்கும் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை 1964 இல் தந்தவரும் அவரே.

1892 ஆம் ஆண்டு பிறிதொரு வகையாலும் நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேதான் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவரும், விவேகானந்தரின் கருமயோகத்தைத் தமிழிற் பெயர்த்தவரும், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926 இல் ‘மதங்க சூளாமணி’ இயற்றியவரும், 1947 இல் ‘யாழ்நூல்’ அரங்கேற்றி அவ்வாண்டிலேயே மறைந்தவரும் அவர். யாழ்நூலுக்கு வித்தாக அமைந்தது சிலப்பதிகாரம். கண்ணகி கோயிலை உடைய ஊரிற் பிறந்த ஒருவர் அக்காப்பியத்தினுட் புகுந்து தமிழிசையை மீட்டமை தற்செயலன்று. செவிவழிக் கல்வியும் ஏட்டுக் கல்வியும் ஓருயிரிற் கூடியதன் பயன் அது.

வழக்குரையின் நடுவில் நிற்கும் வினாக்கள் யாவை? அரசன் ஆராயாது ஒரு சொல் கூறினான். அச்சொல்லால் ஓர் உயிர் போயிற்று. சிலம்பினுள் இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று கண்டபோது தானே கள்வன் என உணர்ந்து அவன் உயிர் நீத்தான். தீர்ப்பளிப்பவனும் தீர்ப்புக்கு உட்பட்டவன் என்பது இதனாற் பெறப்படும். இம்மட்டில் வழக்கு முடிந்திருப்பின் எவர்க்கும் ஐயமில்லை. அரசன் மாண்ட பின்னரும் கண்ணகி நகரை எரித்தாள். ஒருவன் செய்த பிழைக்கு ஊரை எரித்தல் தகுமா? காப்பியம் இவ்வினாவை ஒதுக்கவில்லை. அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் கற்புடை மகளிரையும் பசுக்களையும் விலக்கித் தீயோரை மட்டுமே சேர்க எனத் தீக்கடவுளுக்கு அவள் கட்டளையிட்டதாகக் கூறுகின்றது. நியாயமான சினத்துக்கும் எல்லை உண்டு என்பதே அக்கட்டளையின் பொருள். மட்டக்களப்பு மரபோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. அங்குச் சடங்கு, எரியோடு முடிவதில்லை, குளிர்த்தியோடு முடிகின்றது. வேப்பிலையும் நீரும் கொண்டு, குளிர்த்திப் பாடல்கள் பாடி, அம்மனின் சினத்தைத் தணித்த பின்னரே மக்கள் வீடு திரும்புவர். நீதி கேட்டவளைக் குறைகூறாமலும், அவள் சினத்தை அணையாத நெருப்பாக விட்டுவைக்காமலும், ஊர் கூடி ஆற்றுதல் இங்கே ஒரு கடமையாகின்றது.

கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துக்காட்டும் சோழன் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தேரிலிட்டவன் அவன். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் அவ்வரலாற்றைப் பாடுங்கால் வழக்கினை மேலும் கடினமாக்குகின்றார். இளவரசனைக் கொல்லுமாறு பணிக்கப்பட்ட அமைச்சன், அக்கட்டளையை மீறவும் மாட்டாது நிறைவேற்றவும் மாட்டாது தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான். அரசனின் நேர்மையைப் புகழும் நாம் அந்த அமைச்சனின் இடர்ப்பாட்டை எண்ணுவதில்லை. இதே வரலாற்றை மகாவமிசம் அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. நட்பும் பகையும் நோக்காது வழக்குத் தீர்த்தவன் என்று அவனை அந்நூல் போற்றுகின்றது. அவனைக் கொன்ற துட்டகைமுனுவே அவன் சமாதிக்கு வணக்கம் செலுத்துமாறு ஆணையிட்டான் என்றும் கூறுகின்றது. அதே நூலில், போரில் மாண்டோரை நினைந்து வருந்திய துட்டகைமுனுவுக்கு, உண்மையில் மாண்ட மனிதர் ஒன்றரைப் பேரே எனத் துறவியர் ஆறுதல் கூறிய செய்தியும் உண்டு. புத்த நெறியைச் சார்ந்தவர் இருவரே. ஒருவர் முழுமையாகவும் மற்றவர் பாதியளவிலும் சார்ந்தவர். ஏனையோர் மனிதக் கணக்கிற் சேரார் என்பது அவ்வாறுதலின் கருத்து. பகைவனைப் போற்றிய நூலே பகைவரின் படையைக் கணக்கிலிருந்து நீக்குகின்றது. மனிதர் எனக் கணக்கிடத்தக்கோர் யாவர் என்னும் வினாவே அறநூலின் முதல் வினாவென்பதை இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படிப்போர் உணர்வர்.

கூத்துக் களரியும் மட்டக்களப்பின் அறக்கல்விக்கூடமே. வடமோடிக் கூத்துகள் பலவும் பாரதக் கதையையும் இராமகதையையும் பொருளாகக் கொண்டன. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பாரத வரலாறே தீமிதிப்போடு கூடிய திருவிழாவாக நிகழ்கின்றது. தன்னைத் தோற்ற பின்னர்த் தருமன் என்னைப் பணயம் வைத்தல் எங்ஙனம் பொருந்தும் என்று திரௌபதை அவையில் வினவினாள். அறம் அறிந்த வீடுமனும் விடைகூற இயலாது தடுமாறினான். கன்னன் தன் பிறப்பை அறிந்த பின்னரும், தன்னை உயர்த்தியவனைக் கைவிட மறுத்தான். இரத்த உறவுக்கும் செய்ந்நன்றிக்கும் இடையே அவன் பட்ட பாட்டை விடியும்வரை விழித்திருந்து பார்த்த ஊரார், மறுநாள் வயல்வரம்பில் நின்று அதனைப் பற்றி வாதிடுவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்துகளைப் புத்துருவில் மேடையேற்றியபோது, 1962 இல் ஆடப்பட்டது ‘கர்ணன் போர்’ என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவை யாவும் பழங்கதைகள் அல்லவோ எனச் சிலர் கருதலாம். வாகரைக் கரை அவ்வாறு கருத இடந்தரவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் இக்கரையைக் கொண்டுபோயிற்று. இரு பிள்ளைகளை உடையவள் எப்பிள்ளையைப் பற்றிக்கொண்டு ஓடுவது என்பதை ஆராய அந்நாளில் எவருக்கும் பொழுதில்லை. இரண்டாண்டு கழியுமுன் போர் வந்தது. 2006 இல் மூதூர் கிழக்கு, சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் இடம்பெயர்ந்து வாகரைப் பகுதியை அடைந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் நாள், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். புலிகள் அண்மையிலிருந்து சுட்டமையாலேயே திருப்பிச் சுட நேர்ந்தது என்று அரசுத் தரப்புக் கூறிற்று. மக்களை வெளியேற விடாது புலிகள் தடுத்தனர் என்னுங் குற்றச்சாட்டும் எழுந்தது. 2007 சனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. கொல்லப்பட்டோர்க்கோ ஒரு நியாயமும் கிடைத்திலது.

புறநானூற்றிலே நெட்டிமையார் பாடிய பாட்டொன்று பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் போற்றுகின்றது. அம்பு எய்யத் தொடங்குமுன், பசுக்களும் பெண்டிரும் நோயாளரும் பிறரும் பாதுகாப்பான இடத்தை அடைக என்று அறிவித்தல் அறநெறி என்பது அதன் கருத்து. அந்நூல் அச்சேறியது 1894 இல். கண்ணகி தீக்கு இட்ட கட்டளையும் நெட்டிமையார் கூறும் அறிவிப்பும் ஒன்றையே கேட்கின்றன: உன் வில்லுக்கும் உன் நெருப்புக்கும் வெளியே நிறுத்தப்படவேண்டியவர் யார்? கதிரவெளியின் சாம்பலில் எழும் வினாவும் அதுவே. அது கோல் ஏந்தியவனை மட்டுமன்றி, கோலை எதிர்த்துப் படை ஏந்தியவனையும் கேட்கும் வினா.

மேனாட்டு அறநூல்களையும் மாணவர் இந்நோக்கோடு கற்பாராக. தனக்கு அநீதி செய்த நகரின் சட்டத்தை மீறிச் சிறையிலிருந்து தப்புதல் தகுமா என்பதைப் பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ ஆராய்கின்றது. கி.மு. 399 இல் சோக்கிரதர் தப்ப மறுத்து நஞ்சுண்டார். கண்ணகியோ நகரை எரித்தாள். இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் நல்ல பயிற்சியாகும். செயலறிவு அனுபவத்தால் முதிர்வது என்னும் அரிஸ்டோட்டிலின் கருத்து, உணர்வின் மிகுதியால் வழக்கு அறியப்படும் என்ற பரிமேலழகர் கூற்றுக்கு அயலதன்று. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளற்க என்று 1785 இல் கான்ற் விதித்தார். மில்லின் கூட்டல் கணக்கை அவ்விதியோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். 1945 இல் பிரெஞ்சு அறிஞர் சார்த்தர் தம் சொற்பொழிவொன்றில் ஒரு மாணவனைக் குறிப்பிட்டார். தமையன் போரில் மாண்டான். தாய்க்குத் துணை இவன் ஒருவனே. தாயோடு இருப்பதா, நாட்டை மீட்கும் படையிற் சேர்வதா என்று அவன் வினவினான். எந்த நூலும் உனக்காகத் தெரிவு செய்யாது என்பதே சார்த்தரின் விடை. இவ்விடர்ப்பாட்டை அறிதற்குக் கிழக்கு மாகாணத்து இல்லங்கள் பிரெஞ்சு நூலைப் படிக்கவேண்டியிருந்ததில்லை.

ஆதலின் கற்கும் முறை இவ்வாறு அமையலாம். முதலில் ஆத்திசூடியும் நல்வழியும் நாலடியாரும் கற்று, ஒழுக்கத்தின் அடிநிலை உறுதிப்படுக. அடுத்துத் திருக்குறளைப் பரிமேலழகருரையோடு, விதி விதியோடு முட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு படிக்க. மூன்றாவதாகச் சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தையும் கண்ணகி வழக்குரையையும் சேர்த்துப் படிக்க. கம்பனின் வாலி வதைப் படலத்தில் வாலி தொடுக்கும் வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்ததா என ஆராய்க. வில்லிபாரதத்துச் சூதுபோர்ச் சருக்கமும் சேக்கிழாரின் சோழன் வரலாறும் மகாவமிசத்து எல்லாளன் வரலாறும் அதன்பின் வருக. பிளேட்டோ, அரிஸ்டோட்டில், கான்ற், மில் என்போர் இறுதியில் வருவாராக. அவர்களை முதலிற் கற்பவன் தன் நாட்டு வழக்கைப் பிறர் அளவுகோலால் அளப்பான். இறுதியிற் கற்பவன் இரு அளவுகோல்களையும் சோதிப்பான்.

நூல்களை எண்ணிக் கற்றல் மட்டும் போதாது. வைகாசித் திங்களில் ஓரிரவேனும் வழக்குரை பாடும் கோயிலுக்குச் சென்று மக்களோடு அமர்ந்து கேட்டல் வேண்டும். அரசனின் பிழையும் பெண்ணின் சினமும் நகரின் எரியும் கேட்ட பின்னர், குளிர்த்தி நீர் தெளிக்கப்படும் வரையில் எவரும் எழுந்து செல்வதில்லை. அறநூற் கல்வியும் அவ்வாறே முடிதல் வேண்டும். குற்றத்தை மறவாமை நீதி. அக்குற்றத்தின் தீ குற்றமற்றோரைச் சுடாமற் காத்தல் அறம். இரண்டையும் ஒருங்கே கற்றுக்கொள்ளுதல் எளிதன்று. கடலும் போரும் கண்ட வாகரைக் கரைக்கு அக்கல்வி இன்றியமையாதது. அக்கரைக்கு மட்டுமன்றி, இத்தீவின் எல்லாக் கரைகளுக்கும் இன்றியமையாதது.